தார் பாலைக்கு ஒரு ஜீப் பயணம்: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

சிவகங்கை மாவட்டம் திருக்கோஷ்டியூரில் ஐந்து ஏக்கர் கண்மாய்ப் பாசன நிலம், இரண்டு கறவை மாடு, கொஞ்சம் ஆடு, ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், அறுவடை முடிந்த கையோடு ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குப் போய்வரத் திட்டமிட்டிருக்கிறார். கூட வருபவர்கள் இருவர்: அவருடைய மைத்துனர், பக்கத்து வயல்காரர். மூவரும் வடக்கே ஐதராபாத்தைத் தாண்டியதில்லை. மணலில் வண்டி ஓட்டியதும் இல்லை.

"தார்னா நமக்கு வாழைத்தாரும் ரோட்டுத் தாரும்தான் தெரியும். அங்க போயி என்னத்தப் பாக்கப் போறீங்க மச்சான்?" என்று முதலில் சிரித்தவர் மைத்துனர்தான்.

பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் 200 மி.மீ.கூடத் தேறாது. அந்த மழையை வைத்துக்கொண்டு, கிணறும் கால்வாயும் இல்லாத இடத்தில், அங்கே பல நூறு ஆண்டுகளாகக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிக்கிறார்கள். நான்கு மடங்கு மழை பெறும் ஊரில் மாசி பிறந்ததும் கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. அந்த வித்தையை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஜீப்காரரின் ஆசை. அதற்காக ஒரு போக லாபத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்கப் போகிறார். ஆகவே கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

எப்போது போவது?

பாலைவனத்துக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இந்தியாவில் பதிவான மிக அதிக வெப்பநிலை, 51 டிகிரி செல்சியஸ், 2016 மே 19 அன்று ஜோத்பூருக்கு வடக்கே உள்ள ஃபலோடியில் பதிவானது. குளிர்காலத்திலோ பகலில் வெயில் இதமாக இருந்தாலும் இரவில் 5 டிகிரி வரை இறங்கும். பனியன், லுங்கியோடு போனால் நடுக்கம்தான். கம்பளியும் குரங்குக் குல்லாயும் கட்டாயம்.

சிக்கல் என்னவென்றால், அந்த நான்கு மாதமும் திருக்கோஷ்டியூர்க்காரர்களுக்கு வயலில் வேலை உள்ள மாதங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த நெல், தை கடைசியில்தான் களத்துக்கு வரும். அதன் பிறகு மாசி மகம். தெப்பக்குளக் கரை முழுக்க விளக்கு எரியும் அந்த நாளில் ஊரில் இல்லாமல் போவது என்பது வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கே மனசு ஒப்பாத காரியம். போன ஆண்டு வேண்டிக்கொண்டு எடுத்துப்போன விளக்கை இந்த ஆண்டு திருப்பி வைக்க வேண்டிய வீடுகள் எத்தனையோ. ஆக, அறுவடைக்கும் மாசி மகத்துக்கும் நடுவில் கிடைக்கும் நாட்கள்தான் பயண நாட்கள். சில ஆண்டுகளில் பதினைந்து நாள் கிடைக்கும், சில ஆண்டுகளில் பத்துகூடக் கிடைக்காது.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர் ஜீப்காரரின் மனைவி. "போற தேதிய அப்புறம் பாருங்க. வர்ற தேதிய மொதல்ல எழுதுங்க" என்றார். பயணத் திட்டம் எழுதும் எவரும் அந்த வரிசையில் எழுதுவதுதான் நல்லது. ஜெய்சல்மேரில் தை அல்லது மாசிப் பௌர்ணமியை ஒட்டிப் பாலைவனத் திருவிழா நடக்கும். அந்த மூன்று நான்கு நாட்கள் அறை வாடகை எகிறிவிடும். வேடிக்கை பார்க்கப் போகாதவர்கள் அந்தத் தேதியைத் தவிர்க்கலாம்.

ஜீப்பா, ரயிலா?

திருக்கோஷ்டியூரிலிருந்து மதுரை, பெங்களூரு, புனே, அகமதாபாத், ஜோத்பூர் வழியாக ஜெய்சல்மேர் ஏறத்தாழ 2,700 கி.மீ. போக வர 5,400, அங்கே சுற்ற 600 என்றால் 6,000 கி.மீ. பழைய டீசல் ஜீப் லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தால் 545 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலே ஐம்பதாயிரம் ரூபாய் டீசலுக்கு மட்டும் போய்விடும். சுங்கச்சாவடி, தங்கல், சாப்பாடு தனி. அதைவிட முக்கியம் நாள் கணக்கு. ஒரு நாளைக்கு 500 கி.மீ.க்கு மேல் பழைய ஜீப்பை விரட்டக் கூடாது. போக ஆறு நாள், வர ஆறு நாள் சாலையிலேயே கழியும். பதினைந்து நாளில் பாலைவனத்துக்கு மிஞ்சுவது மூன்று நாள்.

ரயிலில் போனால் இரண்டு, இரண்டரை நாளில் ஜோத்பூர் போய்விடலாம். தமிழ்நாட்டிலிருந்து ஜோத்பூர், பிகானேர் பக்கத்துக்கு நேரடி ரயில்கள் உண்டு. சில வாரம் ஒருமுறைதான் ஓடும் என்பதால் கிழமையைப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து ஜெய்சல்மேர் 280 கி.மீ. ஜெய்சல்மேரில் உள்ளூர் ஓட்டுநரோடு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது.

முதல் பயணம் என்றால் ரயிலும் வாடகை வண்டியும்தான் சரி. சொந்த வண்டியில் போகும் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். மணல் தெரிந்த ஓட்டுநர் பக்கத்தில் இருப்பதற்கு ஈடு எந்த வண்டியிலும் இல்லை. மைத்துனரும் இதைத்தான் சொன்னார். ஜீப்காரருக்கு மனம் வரவில்லை. "என் வண்டிய நான் ஓட்டாம, எவனோ ஓட்ட நான் பக்கத்துல ஒக்காந்து வரவா மாப்ள?" என்று கேட்டார். கடைசியில், ரயிலில் போவது, வாடகை வண்டியில் உள்ளூர்க்காரர் ஓட்ட, ஓரிரு இடத்தில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு வண்டிக்காரர் சம்மதிக்கிறாரா என்பதை வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். அதற்குள் மணலின் குணத்தைத் தன் ஜீப்பிலேயே பழகிக்கொள்ளலாம்.

மணலும் சேறும்

டிராக்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு மணல் பாதி புரிந்த மாதிரிதான். சேற்று உழவில் சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ன ஆகும்? தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கும். மணலிலும் அதேதான், இன்னும் வேகமாக. சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். இரண்டு விநாடி பிடிவாதத்துக்கு ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிக்க நேரும்.

மணலில் இறங்குவதற்கு முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். சாலையில் 32 பவுண்டு இருந்தால் மணலுக்கு 20. காற்று குறைந்ததும் டயர் தரையில் நீளமாகப் படிந்து, ஒட்டகத்தின் பாதம் மாதிரி எடையைப் பரப்பிவிடும். பழைய ஜீப்களில் டியூப் உள்ள டயர் இருக்கும். அதில் 20-க்குக் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைக் கிழித்துவிடக்கூடும். மணலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் திரும்பக் காற்றடித்தாக வேண்டும், இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றடிக்கும் கருவியும், காற்று அளக்கும் மீட்டரும் இல்லாமல் மணலுக்குப் போகக் கூடாது.

ஃபோர் வீல் கியரை மாட்டிக்கொண்ட பிறகே மணலில் இறங்க வேண்டும். மாட்டிக்கொண்ட பின் போட்டுப் பயனில்லை. பழைய ஜீப்களில் முன் சக்கரங்களின் நடுவே உள்ள ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டு, லீவரை மட்டும் போட்டு, நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்கேறிக் கெட்டுவிடும்.

மணல் மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சாய்வில் குறுக்கே போனால் வண்டி உருளும். மேட்டின் உச்சிக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று இறங்கி நடந்து பார்க்காமல் ஏறக் கூடாது. நிறுத்தும்போது முகப்பு இறக்கத்தைப் பார்த்திருக்கட்டும், கிளம்புவது எளிது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும், ஆகவே தானாக ஓடி நிற்க விட வேண்டும். விடியற்காலை மணல் சற்றே இறுகியிருக்கும், நடுப்பகலில் இளகிவிடும்.

மாட்டிக்கொண்டால் மண்வெட்டி, இரண்டு முரட்டுப் பலகை, கயிறு, கெட்டிச் சாக்கு நான்கு. ஜாக்கியை வெறும் மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அதற்கு அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை தனியாக வேண்டும். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூஸ், டீசல் ஃபில்டர் ஆகியவை ஒவ்வொன்று உபரியாக இருக்கட்டும். ஏர் ஃபில்டரை அன்றாடம் பார்க்க வேண்டும். களத்தில் நெல் தூற்றும்போது டிராக்டருக்குப் பார்ப்பதைப் போலத்தான்.

பழகுவதற்கு எங்கே போவது? ஆற்று மணலில் ஜீப்பை இறக்கினால் மணல் அள்ள வந்தவர் என்று பிடித்துவிடுவார்கள். அந்த வம்பே வேண்டாம். மானாவாரிக் காட்டில் புழுதி உழவு ஓட்டிக் காயப்போட்ட நிலம் இருந்தால் அதுவே போதும். முழங்கால் அளவு புழுதியில் காற்றைக் குறைத்து ஒரு முறை, குறைக்காமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நிலம் சொந்த நிலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பாலை போன்ற ஒரு நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு இருக்கிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேலென்று மணல் மேடுகள். இரும்புச் சத்துதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். பனையும் உடைமரமும் முந்திரியும் மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. குதிரைமொழித் தேரி வனத்துறைக் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே ஓட்டக் கூடாது. ஆனால் ஜீப்பில் அதுவரை போய்த் திரும்புவதே 450 கி.மீ.க்கு மேல் வரும் ஒரு சோதனை ஓட்டம். சாலையோரத்தில் நிறுத்தி, அனுமதி உள்ள இடத்தில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தால், சுடுமணலில் ஒரு கிலோமீட்டர் நடப்பது எத்தனை பாடு என்று உடம்புக்குப் புரியும். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதே என்று பாலைவனத்துக்காரர்கள் சொல்வது ஏன் என்பதும் புரியும்.

தண்ணீர்க் கணக்கு

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். ஓட்டுநரோடு நான்கு பேர், ஊர் இல்லாத தடத்தில் இரண்டு நாள் என்றால் 40 லிட்டர். அதை இரட்டிப்பாக்கி 80 லிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டருக்கு 10 லிட்டர் தனி. ஒரே பெரிய டிரம்மில் ஊற்றாமல் 20 லிட்டர் கேன்களில் பிரித்து வைக்க வேண்டும், ஒன்று ஓட்டையானால் மற்றவை இருக்கும். குறுக்குத் தடத்தில் இறங்கினால் டீசலுக்கு ஒரு விதி: மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் இருப்பதற்கு. மணலில் டீசல் செலவு ஒன்றரை மடங்காகும். முதல் பங்கு தீர்ந்தால், போக வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

திரும்புவது அவமானம் என்று நினைப்பவர்களுக்குத் திருக்கோஷ்டியூரில் பதில் சொல்வது எளிது. ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெறத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்தார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அப்போ பதினேழு தடவ சும்மா திரும்பிப் போயிருக்காருல்ல? நாம ஒரு தடவ திரும்புனா என்ன கொறஞ்சிரும்?" என்றார் பக்கத்து வயல்காரர். அவர் அதிகம் பேசாதவர். திரும்ப வேண்டிய நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

அங்கே பார்க்க வேண்டியது

முதலில் ஜோத்பூர். அங்கே மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் (காஜ்ரி) இருக்கிறது. 1952-இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி 1959-இல் இன்றைய வடிவம் பெற்றது. விவசாயிகளுக்குத் தகவல் சொல்லும் மையம் அதில் உண்டு. முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி நாள் கேட்டுப் போவது நல்லது. ஜெய்சல்மேரிலும் அதன் கிளை நிலையம் இருக்கிறது.

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே கேஜ்ரலி கிராமம். 1730-இல் மன்னரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, அமிர்தா தேவியில் தொடங்கி பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்ட இடம். அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் வன்னி. சிவன் கோயில்களில் தல மரமாகவும், விஜயதசமி அம்பு போடும்போதும் நாம் பார்க்கும் அதே வன்னி அங்கே கேஜ்ரி, மாநில மரமும் அதுதான். வயலுக்கு நடுவே விட்டு வைக்கிறார்கள். அதன் நிழலில் கம்பு நன்றாக வருகிறது. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனிதருக்கு. காய்ந்த வன்னிக்காயை ஊற வைத்துச் செய்யும் 'கேர் சாங்கிரி'க் கறியைக் கம்பு ரொட்டியோடு ஒருவேளை சாப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே கண்மாயெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இதற்கு உறவுக்கார மரம்தான். ஒன்று பயிரை வளர்க்கிறது, ஒன்று நிலத்தை விழுங்குகிறது.

ஜீப்காரரின் ஆசை முழுக்க ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள 'கடீன்' வயல்கள் மேல்தான். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் பாலிவால் பிராமணர்கள் பரப்பிய முறை இது. கண்மாய் தெரிந்தவருக்கு இரண்டே வாக்கியத்தில் விளங்கும். சரளைக் கல் மேட்டிலிருந்து வழிந்து வரும் மழைநீரைத் தாழ்ந்த இடத்தில் நீண்ட மண்கரை போட்டு மறிக்கிறார்கள், கலுங்கும் மடையும் உண்டு. ஆனால் தேங்கிய நீரைக் கரைக்கு வெளியே உள்ள வயலுக்குப் பாய்ச்சுவதில்லை. நீர் நிலத்துக்குள்ளேயே இறங்கும் வரை விட்டுவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் தரை தெரிந்ததும், கண்மாயின் உள்வாய் போன்ற அந்த இடத்திலேயே உழுது கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் ஈரத்திலேயே பயிர் விளைந்து மார்ச்சில் அறுவடைக்கு வரும். ஒரு ஏக்கர் கடீனுக்கு பத்துப் பதினைந்து ஏக்கர் மேட்டு நிலம் நீர் தர வேண்டும். அந்த மேட்டை யாரும் உழுவதில்லை, வீடு கட்டுவதில்லை. கரைக்கு அந்தப்புறம் கசியும் நீரில் குடிதண்ணீர்க் கிணறு. கசிவோடு உப்பும் வெளியேறுவதால் வயல் உவர்ப்பதில்லை. பிப்ரவரியில் போனால் பயிர் நிற்கும்போதே பார்க்கலாம்.

இதைப் பார்த்துவிட்டு வந்து ஊர்க் கண்மாயின் உள்வாயில் யாரும் ஏர் பூட்டிவிடக் கூடாது. அது பொதுச் சொத்து, ஆக்கிரமிப்பாகிவிடும். அங்கே கவனிக்க வேண்டியது வரத்துப் பகுதியை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் விதம். நம் கண்மாய்கள் காய்வதற்கு மழை குறைந்தது ஒரு காரணம் என்றால், வரத்துக் கால்கள் அடைபட்டது இன்னொரு காரணம்.

வீடுகளில் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி உண்டு. முற்றத்தில் விழும் மழையை அதில் இறக்கி ஆண்டு முழுக்கக் குடிக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் அண்டா வைத்து மழைநீர் பிடித்தவர்களுக்கும், ஊருணியில் கால் நனைக்காமல் குடிநீர் எடுத்தவர்களுக்கும் இது புதிதல்ல. தண்ணீரையே மூன்று பெயரில் பிரித்திருக்கிறார்கள்: மேலே ஓடும் மழைநீர் 'பாலர் பானி', ஆழ்கிணற்று நீர் 'பாதாள் பானி', இரண்டுக்கும் நடுவே ஜிப்சம் படிவத்தின் மேல் தங்கும் ஈரம் 'ரேஜானி பானி'.

பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து 649 கி.மீ. ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாயையும் ஒரு இடத்தில் பார்த்துவிடலாம். அது மணலைப் பச்சையாக்கியது உண்மை. சில பகுதிகளில் நீர் தேங்கி நிலம் உவராகிப் போனதும் உண்மை.

ஜெய்சல்மேரிலிருந்து 40 கி.மீ. தொலைவில் உள்ள சாம் மணல் மேட்டில் ஜீப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஓட்டும் வேடிக்கை ஒன்று நடக்கிறது. அது பழகும் இடம் அல்ல, இடுப்பு வலிக்குத்தான் உதவும்.

சட்டமும் எல்லையும்

ஜெய்சல்மேருக்கு மேற்கே பாகிஸ்தான் எல்லை. தனோட் கோயில் வரை நல்ல தார்ச்சாலை. 1971 போரில் சண்டை நடந்த லோங்கேவாலாவுக்கும் சாலை உண்டு. தனோட்டுக்கு அப்பால் எல்லையை நோக்கிப் போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். ஆளுக்கு அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ராணுவ இடங்களைப் படம் எடுக்கக் கூடாது. துபாயில் இருக்கும் மருமகன் அன்போடு கொடுத்த சாட்டிலைட் போன் வீட்டிலேயே இருக்கட்டும். இந்தியாவில் அதை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம், எல்லையில் அது பெரிய வழக்காகிவிடும்.

3,162 சதுர கி.மீ. பரந்த பாலைவனத் தேசியப் பூங்காவும் அங்கேதான். ஒருகாலத்தில் தமிழ்நாட்டு மேய்ச்சல் வெளிகளிலும் திரிந்த கானமயில், இன்று நாட்டிலேயே நூற்றைம்பதுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பெரும்பகுதி இந்தப் புல்வெளியில். கூடு கட்டாமல் வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. தடம் இல்லாத புல்வெளியில் வண்டியை விட்டால் சக்கரத்துக்கு அடியில் எது போகும் என்று சொல்ல முடியாது. வனத்துறை அனுமதி பெற்று, போட்ட தடத்திலேயே போக வேண்டும். செவான் புல் அங்குள்ள மாட்டுக்காரர்களின் தீவனம் என்பதையும் மாடு வைத்திருப்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரவில் ஓட்டவே வேண்டாம். சாலையில் மணல் ஏறிக் கிடக்கும், ஒட்டகம் படுத்திருக்கும். இரண்டு வண்டி இல்லாமல் மணல் தடத்தில் இறங்கக் கூடாது என்பதால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் வேறொரு குழுவோடு சேர்ந்துகொள்ளும்படி வாடகை வண்டிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

வீட்டில் மாட்டுக்குப் பத்து நாள் தீவனமும், பால் கறக்க ஆளும் ஏற்பாடாகிவிட்டது. ஜீப்காரரின் மனைவி கேட்டு வாங்கி வைத்திருப்பது ஒரு தாள். எந்த நாள் எந்த ஊர், வண்டி எண், ஓட்டுநரின் கைபேசி எண், தங்கும் இடம் எல்லாம் அதில் இருக்கிறது. எல்லைப் பக்கம் செல்பேசிக்கு அலைவரிசை எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் தினமும் இரவு எட்டு மணிக்கு, அலைவரிசை உள்ள ஊருக்கு வந்து பேசுவதாக ஒப்பந்தம். எட்டரைக்கும் அழைப்பு வரவில்லை என்றால் அவர் முதலில் ஓட்டுநரை, பிறகு தங்கும் விடுதியை அழைப்பார். பத்து மணி தாண்டினால், ஜெய்சல்மேர் காவல் கட்டுப்பாட்டு அறை. இங்கிருந்து 112 அழுத்தினால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும் என்பதால், அந்த ஊர் எண்ணை முன்பே கேட்டு அதே தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதி, அடுப்படிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.